கயல்விழியின் குட்டையில் நீர்ப்பிரம்மி

மன்னார்குடிக்குக் கிழக்கே கயல்விழிக்கு இருந்தது பள்ள நிலம். மழை வலுத்தால் நெல் மூழ்கி அழுகிவிடும். "தண்ணிதான் நிக்குதுல்ல, மீனே வளப்போம்" என்றவள், கணவர் பரிதி யோசித்து முடிப்பதற்குள் பொக்லைனை வரவழைத்துக் குட்டை வெட்டிவிட்டாள்.

கட்லாவும் ரோகுவும் நன்றாகவே வளர்ந்தன. தீவனக் கூடையோடு அவள் கரையில் வந்து நின்றாலே மொய்க்கும். முண்டியடிக்கும் மீன்களைத் திட்டிக்கொண்டேதான் தீவனம் போடுவாள்.

ஐப்பசி மழையில், சுற்று வயல்களில் அடித்த பூச்சிமருந்து கரைந்து வாய்க்கால் வழியாகக் குட்டைக்குள் வந்தது. மறுநாள் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. பலவற்றின் உடம்பில் சிவப்புப் புண்.

"இப்பவே புடிச்சு வித்துடலாம்" என்றார் பரிதி.

"நம்ம அடுப்புல ஏத்தாத மீனை யார் தலையிலங்க கட்டுறது? மாட்டேன்."

கல்லூரித் தோழி லத்தீஃபாவுக்குப் போன் போட்டாள். மீன் நோய்களை ஆராயும் லத்தீஃபா அன்றைக்கே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முதலில் வாய்க்கால் மடையை அடைக்கச் சொன்னாள். போர்வெல் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். பிறகு ஒரு கேனைத் திறந்தாள். ஈரமான வரப்புகளில் படரும் நீர்ப்பிரம்மியிலிருந்து எடுத்த பச்சைச் சாறு.

"மருந்துன்னு சத்தியம் பண்ண மாட்டேன்டி. கெட்ட தண்ணியைத் தாங்குற தெம்பு மீனுக்குக் கூடுதான்னு பாக்குறேன். லேப் தொட்டியில பலன் தெரிஞ்சுது. குட்டையில இதுதான் முதல் தடவை."

"பாத்துடுவோம்" என்றாள் கயல்விழி.

குட்டையின் நடுவே வலை கட்டினார்கள். ஒரு பாதிக்குச் சாறு கலந்த தீவனம், மறுபாதிக்குச் சாதாரணத் தீவனம். சாறு கலந்ததை மீன்கள் வாயில் வாங்கி அப்படியே துப்பின. ஒரே கசப்பு.

லத்தீஃபாவின் முகம் வாடியது. "லேப் மீனு இப்படி அடம் பிடிக்கலையே!"

"அது ஹாஸ்டல் மீனுடி, போட்டதைத் தின்னும். இது வீட்டு மீனு."

கயல்விழி சாறு கலந்த தீவன உருண்டைகளில் கருவாட்டுத் தூளைப் பிசைந்து போட்டாள். குட்டையே துள்ளியது. சோதனை நியாயமாக இருக்க வேண்டுமென்று லத்தீஃபா மறுபாதிக்கும் அதே தூளைச் சேர்த்தாள்.

கார்த்திகை முடிவதற்குள் சாறு தின்ற பக்கத்தில் புண்கள் ஆறிவிட்டன. மறுபக்கத்தில் சில மீன்கள் செத்தன. மற்றவை மெதுவாகத் தேறின. "ஒரு குட்டையை வச்சு முடிவு சொல்லக் கூடாது" என்று லத்தீஃபா அடக்கமாகச் சொன்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தைப் பொங்கல் கழிந்து, மீனில் நஞ்சு இல்லையென்று பரிசோதனையில் தெரிந்த பிறகே கயல்விழி வலை வீசச் சம்மதித்தாள். கரை முழுக்க ஊர்ச் சனம். வலைக்குள் துள்ளிய கட்லா ஒன்று வாலால் பரிதியின் கன்னத்தில் பளாரென்று அறைந்தது. "விக்கலாம்னு சொன்னீங்கல்ல, வாங்கிக்குங்க!" என்று கயல்விழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மீன்பிடி பார்க்க வந்திருந்த லத்தீஃபா புறப்பட்டபோது கயல்விழி இரண்டு மீன் பைகளை நீட்டினாள். "இது உன் ஆராய்ச்சிக்கு. இது வீட்டுல குழம்புக்கு. மாத்தி வெட்டிடாதடி!"