சர்க்காருக்குத் தீட்டு கிடையாது

மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது அரசாங்க மருத்துவச்சி வேலையை விட்டேன். காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். ஒன்று, தாய்ப்பால். இரண்டு, கணவர் மலைச்சாலை வேலையில் மேஸ்திரி. விடிந்தால் போய் இருட்டினால்தான் வருவார். மூன்று, தேவனூர் நாடு என்கிற இந்த மலைப்பகுதியில் ஒரு பிரசவத்துக்குப் போனால் எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அக்காவின் மடியில் குழந்தை சத்தமே வராமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. அதற்குமேல் வரிசை நீளவில்லை.

வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்பது திட்டம். நர்சுப் பயிற்சிக்கு முன்பே தையலில் தேர்வு எழுதித் தேறியவள் நான். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து தையல் மிஷினைத் தலைச்சுமையாக ஏற்றி வந்தோம். மலையில் எல்லோரும் புதுத்துணி எடுப்பது ஆடித் திருவிழாவுக்குத்தான். தைக்கக் கொடுக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை என்று கீழே இறங்கி ஏறுவார்கள். இங்கேயே தைத்துக் கொடுத்தால் வராமலா போவார்கள்?

ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடமே கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க நர்சம்மா. சாமி கும்புடப் போட்டுட்டுப் போற துணி. நீங்க பிரசவம் பாத்த கையி."

"போன மாசம் வரைக்கும் இதே கையோட உங்க ஊட்டுக்குள்ள வந்து காப்பி குடிச்சேனேக்கா."

"அப்ப நீங்க சர்க்காரு. சர்க்காருக்கு ஏதுங்க தீட்டு? இப்ப நீங்களும் எங்களாட்டம் ஒரு ஊடு. ஊடுன்னா எல்லாந்தான் இருக்கும்."

கேலியாகச் சொல்லவில்லை, மழைக்காலம் எப்போது தொடங்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். வழியும் அவளே சொன்னாள்: "ஆடி வரைக்கும் பிரசவத்துக்குப் போகாம இருங்க. மொத ரவிக்கைத் துணி நானே தாரேன். அப்புறம் பாருங்க, ஊரே வரும்."

போகாமல் இருந்தேன். வந்து கூப்பிட்டவர்களிடம் கீழே இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகச் சொன்னேன். "சம்பளம் நின்னதும் மனசும் நின்னு போச்சுங்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன்.

ஆடி நெருங்கும்போது அந்த அக்காவே ஓடிவந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகளுக்கு வலி கண்டு, குழந்தையின் கை முதலில் வெளியே வந்துவிட்டதாம்.

"என்னைப் போகக்கூடாதுன்னு சொன்னதே நீங்கதானேக்கா."

"அது வேறங்க சாமி! எம் புள்ள செத்துப்போயிரும், வாங்க!"

கீழே தூக்கிப்போக நேரமில்லை. ஊருக்கு வெளியே பிரசவத்துக்கென்று போட்டிருந்த குடிசைக்குப் போனேன். என் மகளை வாசலில் ஒரு சாக்கின்மேல் கிடத்த வேண்டியிருந்தது. உள்ளே குழந்தையைத் திருப்பி எடுக்கும் வரை வெளியே அவள் அழுவது கேட்டுக்கொண்டே இருந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

மறுநாள் அக்கா ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள். என் கையில் தராமல் வாசலில் எட்ட வைத்தாள்.

"நீங்க நல்லா இருக்கோணும் நர்சம்மா. எந்தச் சாமியும் உங்களுக்கு ஈடில்லீங்க."

"ரவிக்கைத் துணி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதான் இப்பப் பிரசவத்தத் தொட்டுட்டீங்களே."

இரண்டு நாள் கழித்து, கக்கத்தில் துணி மூட்டையோடு அவள் கீழே புறப்பட்டாள். போகிற வழியில் என் வீட்டுமுன் நின்று, "முள்ளுக்குறிச்சியில உங்களுக்கு ஏதாச்சும் வாங்கியாரட்டுங்களா?" என்று கேட்டாள். உண்மையான அன்போடுதான் கேட்டாள்.

"தபாலாபீசுல ஒரு கவர் வாங்கிட்டு வாங்க" என்றேன். விட்ட வேலையைத் திரும்பக் கேட்டு எழுத வேண்டியிருந்தது.