ரத்தத்துக்கு மூன்று தரம்

திங்கட்கிழமை ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன்... ஆறுகிற கோபமாகத் தெரியவில்லை!

மயிலிட்டியில் ஒரு மீனவக் குடும்பம். பிலோமினா அக்காவை எனக்குப் பல வருடப் பழக்கம். அவருடைய மகள் ஜெனிற்றா ஓ.எல். பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ‘ஏ’ எடுத்திருக்கிறாள். அடுத்த படியான ஏ.எல்.லில் உயிரியல் படிக்க ஆசை. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அந்தப் பிரிவு கிடையாது. பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கேட்கப் போனார்கள். கதைக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கே பகுதித் தலைவர் ஒருவர், எங்கள் ஊர்க்காரர்தான். நீட்டிய பெறுபேற்றுத் தாளைப் பார்க்கவில்லை. முதல் கேள்வியே இதுதான்.

“அப்பா என்ன செய்யிறார்?”

“கடலுக்குப் போறவர் சேர்.”

“அப்ப ஆர்ட்ஸ் செய்யலாமே பிள்ளை? குறை நினைக்காதேங்கோ... நான் உயிரியல் படிப்பிக்கிறனான். படிப்பெண்டது பரம்பரையலகிலை, அதுதான் ஜீனிலை, வாறது. ரத்தத்திலை இருக்க வேணும்.”

எங்கள் ஊரில் பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்பே அப்பாவின் தொழிலைக் கேட்டுவிடுவார்கள். டொக்டரின் மகனுக்குப் பாடம் விளங்காவிட்டால் மாஸ்டர் இன்னொரு முறை சொல்லிக் கொடுப்பார். மீனவரின் மகளுக்கு விளங்காவிட்டால்? அது ரத்தம்!

பரம்பரையலகு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டித்தனம் பிறப்பிலும் வரும். ஆனால் ஒரே விதை வெங்காயத்தை இரண்டு பாத்தியில் நட்டு, ஒன்றுக்கு இறைத்து, மற்றதைக் காயவிட்டு, பிறகு ‘விதை கூடாது’ என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் உரும்பிராய்த் தோட்டக்காரர்கள் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சொன்னால் மட்டும் அது விஞ்ஞானமா?

பிலோமினா அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சண்டைக்காலத்தில் ஊரைவிட்டு எழும்பி, அகதி முகாமில் இருந்து படித்தவர் அவர். கணக்கில் வகுப்புக்கே முதல் பிள்ளை. ஓ.எல்.லோடு படிப்பு நின்றுபோனது. நிறுத்தியது எந்தப் பரம்பரையலகு? மகளுக்கு வந்த கணக்கு பிறகு எங்கேயிருந்து வந்ததாம்?

என் வாய் சும்மா இருக்குமா?

“சேர், உங்கடை மகனும் ஏ.எல். மூண்டாம் தரம் எழுதித்தானே கம்பஸுக்கு எடுபட்டவர்? பாடத்துக்கொரு மாஸ்டர் வீட்டை வந்து படிப்பிச்சவை. முதல் ரெண்டு தரமும் ரத்தம் எங்கை போனது?”

அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தார். பெறுபேற்றை அப்போதுதான் கையில் எடுத்தார்.

“சரி... ஒரு தவணை, மூண்டு மாதம், இருந்து பாக்கட்டும். சரிவராட்டி ஆர்ட்ஸுக்கு மாத்துவம்.”

வெளியே வந்ததும் பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். “உது காணும் தங்கச்சி. உள்ளுக்கை விட்டிட்டினம்.”

எனக்குப் போதவில்லை. இதைவிடக் குறைந்த பெறுபேற்றோடு வந்த எத்தனை பெரிய வீட்டுப் பிள்ளைகளை ‘இருந்து பாக்கட்டும்’ என்று எடுத்தார்கள்? உட்காரப் போவது அதே பிரிவு, அதே வாங்கு. இவளுக்கு மட்டும் ஏன் தவணை சொல்லி இடம்? பஸ் வரும்வரை புறுபுறுத்துக்கொண்டே நின்றேன்.

ஜெனிற்றாதான் என் கையைப் பிடித்தாள்.

“விடுங்கோ அன்ரி. சேரின்ரை மகனுக்கு மூண்டு தரம் தேவைப்பட்டது. எனக்கு ஒரு தவணை காணும்.”