நீளமான பகலுக்கு ஒரு துவையல்

என் மகள் கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிறாள். தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவை ‘அபா’ என்று கூப்பிடுவாள். அப்படியென்றால் என்னடி என்று ஒருநாள் கேட்டேன். “அம்மான்னு அர்த்தம்மா” என்றாள். அன்றைக்குப் பற்றியது எனக்கு வயிற்றெரிச்சல்.

போன ஜூனில் லீவுக்கு வருகிறேன் என்றவள், பத்து நாள் தள்ளிப்போட்டாள். வருஷத்திலேயே நீளமான பகல் வருகிறதாம். அன்று அபா வீட்டார், சொந்தக்காரர்கள் குதிரை மேய்க்கும் மலைக்குப் போய்க் கூடாரத்தில் கூடி விருந்து சாப்பிடுவார்களாம். நமக்கு ஆடி பிறந்தால்தான் சூரியன் தெற்கே திரும்பும். அதற்காக நாம் மயிலம் மலையில் கூடாரமா போடுகிறோம்? பெற்றவளைவிட வெயில் பெரிதாகிவிட்டது என்று திண்டிவனத்தில் உட்கார்ந்து புழுங்கினேன்.

வந்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுப் பண்டமும் அந்த விருந்தில் இருக்க வேண்டும் என்பது அபா வீட்டு வழக்கம். அதனால் முந்தின நாள் வீடியோ காலில் அபா என்னிடம் மல்லாட்டைத் துவையலுக்கு, அதான் வேர்க்கடலைத் துவையலுக்கு, பக்குவம் கேட்டாள். மகள்தான் இடையில் மொழிபெயர்த்தாள். வறுக்கும் பதம், மிளகாய், பூண்டு, உப்பு எல்லாம் சொன்னேன். புளியைச் சொல்லவில்லை. மறதியெல்லாம் இல்லை. என் பிள்ளையின் நாக்குக்கு ஒரு ருசியாவது என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்ற பொறாமை.

மறுநாள் ஏழே முக்காலுக்கு மகள் கூப்பிட்டாள். இங்கே இருட்டிவிட்டது, அங்கே எட்டேகால், புல்வெளியெல்லாம் வெளிச்சம். இங்கே பாலில் ஆடை கிடந்தாலே குமட்டுகிறது என்பவள், கிண்ணத்தில் குதிரைப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அபா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கும்போதே என் கையைத் தட்டிவிட்ட தலை அது.

அபா நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

“என்னடி சொல்றா?”

“தொவையல் காலியாயிடுச்சாம். உனக்கு நன்றி சொல்றாங்கம்மா.”

“நல்லாவா இருந்துச்சு?”

“நம்ம வீட்டுது மாதிரியே இருந்துச்சு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் போனை எடுத்துக்கொண்டு கூடாரத்தை விட்டுத் தள்ளி நடந்தாள். குரலைத் தணித்துச் சொன்னாள்.

“நீ புளிய விட்டுட்ட. நான் சேத்து சொல்லிட்டேன். எங்கம்மா நல்லவங்கன்னு அவங்ககிட்ட சொல்லிக்கினு இருக்கேம்மா.”