கிளம்ப மறுத்த லாரி

அக்கா நர்சிங் படிக்கத் திண்டிவனம் போன அன்று காலை எங்கள் லாரி கிளம்பவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் போய்விட்டால் கட்டிலும் ஃபேனும் எனக்குத்தான் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். அந்த வீட்டில் அவள் போவதை ஆசையோடு எதிர்பார்த்த ஒரே ஜீவன் நான்தான்.

அது அப்பா கரும்பு ஏற்றும் பழைய லாரி. கோலியனூரில் அதைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. ஆனாலும் அக்காவை அதில்தான் கொண்டுபோய் விடுவேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். பன்னிரண்டு மணிக்குள் வந்து சேராவிட்டால் சீட்டு வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள்.

எட்டு மணிக்கு அப்பா சாவியைத் திருப்பினார். செல்ஃப் நன்றாகவே சுற்றியது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. இறங்கிப்போய் பேட்டரி முனைகளைச் சுரண்டினார். டீசல் ஃபில்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ஏர் புடிச்சிக்கினு இருக்குது" என்று சொல்லி, நுரை நிற்கும்வரை பம்ப்பை அடித்து டீசலை வடித்தார். எல்லாவற்றையும் சாமி பாத்திரம் விளக்குகிற நிதானத்தோடு செய்தார்.

"இன்னாங்க, மணி ஒம்பதர ஆவுது! ஜல்தியா பஸ்ஸுலயாவது ஏத்தி வுடுங்க" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினாள்.

"இரு, இதோ ஆயிடும்."

லாரிக்குள் அப்பாவின் சீட்டை ஒட்டி அக்கா உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு அந்தப் பக்கம் நான். அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு, கீழே குனிந்திருந்த அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது போகாமல் ஹாரன் அடிக்கலாம் என்று அப்பாவின் சீட்டுக்குத் தாவினேன். அப்போதுதான் அந்தக் கறுப்புக் குமிழைக் கவனித்தேன். எஞ்சினை நிறுத்த அதை வெளியே இழுப்பார்கள். மறுபடி உள்ளே தள்ளாவிட்டால் டீசல் போகாது, தலைகீழாக நின்றாலும் வண்டி கிளம்பாது. புதிதாக வரும் கிளீனர்களுக்கெல்லாம் அப்பா சொல்கிற முதல் பாடமே, "மொதல்ல ஸ்டாப்பரப் பாரு, அப்புறம் ஸ்பேனரத் தொடு" என்பதுதான். அது நன்றாக வெளியே இழுத்தபடி இருந்தது.

"அப்பா, ஸ்டாப்பர்!" என்று கூவி, உள்ளே தள்ளினேன். அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அப்பா ஏறி வந்து குமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. வழியெல்லாம் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். விக்கிரவாண்டியில் தேவையே இல்லாமல் டீக்கு நிறுத்தினார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கல்லூரி வாசலில் நின்றோம்.

அப்பாவின் மறதியை நான் கண்டுபிடித்த கதையை அதற்குப் பிறகு எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லியிருப்பேன்! அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். என் மேல் பொறாமை என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்தக் குமிழ் ஒன்றரை மணி நேரம் அவள் முழங்காலுக்கு நேர் எதிரே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாப்பர் பாடத்தை என்னைவிட எட்டு வருஷம் அதிகமாகக் கேட்டவள் அவள். அது மறதி இல்லை, அவளை அனுப்ப மனசில்லாமல் செய்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சீட்டுப் போனாலும் போகட்டும் என்று அப்பாவுக்காகப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் உள்ளே தள்ளிவிட்டேன்.