கிசோயே சாப்பிட்ட பெட்டி

ஜப்பானில் வாஜிமா என்ற ஊரில், அரக்கு பூசிய மரச்சாமான்களைத் தேய்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். கிசோயே பதினெட்டு வயதில் பட்டறைக்கு வந்தாள். முதல் வருஷமே அரக்கு ஒவ்வாமல் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். வீக்கம் வடிந்ததும் திரும்ப வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பூச்சையும் தண்ணீர் தொட்டுக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவாள். அதன்மேல் இன்னொருவர் அரக்கு பூசி மூடிவிடுவார். பாராட்டெல்லாம் மேல்பூச்சுக்காரருக்கு. இவளை யார் கேட்டார்கள்?

செர்ரிப் பூ பார்க்கப் போகிறவர்கள் சாப்பாடு வைத்துத் தூக்கிப்போகும் அடுக்குப் பெட்டி என்றால் அவளுக்கு உயிர். வாங்கத்தான் வசதியில்லை. வயதாகி வேலையை விட்டு நிற்கும்போது முதலாளி தகேஷிகே, "என்ன வேணும்மா, கேளுங்க" என்றார்.

"பூ பாக்கப் போறப்ப ஒரு தடவை அந்தப் பெட்டியில சாப்பிடணும்."

"அவ்ளோதானா!" என்று சிரித்துத் தலையாட்டினார்.

அந்த நாளும் வந்தது. விடியலிலேயே எழுந்து சோற்றுருண்டை பிடித்து, மூங்கில் குருத்து வேகவைத்து எடுத்துப் போனாள். மரத்தடியில் பட்டறையே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. நடுவில் பெட்டி. முதலாளி அதைப் படம் பிடித்தார். பிறகு ஆளுக்கொரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினார்.

"பெட்டி?"

"டோக்கியோக்காரர் ஒருத்தர் விலைக்குக் கேட்டிருக்காரும்மா. வாய் பட்ட சாமான்னு சொல்லிட்டா? பாத்துக்கிட்டே சாப்பிடுங்களேன்."

கிசோயேவுக்கு ரத்தம் கொதித்தது. சோறு வைக்கச் செய்த பெட்டியில் சோறு வைக்கக்கூடாதாம்! அதுவும் கொடுத்த வாக்கை மென்று விழுங்கிவிட்டு!

"ஆயுசு பூரா என் கை பட்டுச்சே, அப்ப இனிச்சுதா? வாய் பட்டாத்தான் தீட்டா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"சும்மா இருங்க!"

மேலடுக்கை உருவினாள். சோற்றுருண்டையையும் குருத்தையும் அதில் வைத்து, அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள். எழுந்து போய்க் குழாயடியில் அலம்பி, தன் துண்டால் துடைத்து, முதலாளி மடியில் வைத்தாள்.

"வாய் எங்க பட்டிருக்குன்னு காட்டுங்க."

தகேஷிகே அதை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

பட்டறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்த மிசாவோ தன் பிளாஸ்டிக் தட்டை ஒதுக்கிவிட்டு இரண்டாம் அடுக்கை இழுத்தாள்.

"அக்கா, அந்தக் குருத்துல எனக்கும் ரெண்டு இதுல போடுங்க."