நாற்பது ரிப்போர்ட்டும் ஒரே பெயரில்

ஆய்வுக்கூடத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு ‘உடும்பு’ என்று பட்டப்பெயர். பிடித்தால் விடமாட்டாள். இரத்தப் பரிசோதனை முடிவுகளை மருத்துவர்களுக்கு அனுப்பும் மென்பொருளைப் பதினோரு வருடமாகக் கட்டி மேய்க்கிறாள். ஒவ்வொரு முடிவும் ஒரு செய்தியாக வரும். அதன் தலைப்பில் நோயாளியின் எண்ணைச் சேர்த்தது அவள்தான். கடைசிப் படியில் மென்பொருள் அந்த எண்ணையே கோப்புக்குப் பெயராக வைத்துச் சேமிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பது கோப்புகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று கிடந்தது. வெறும் ‘ரிப்போர்ட்’ என்று பெயர். ஒன்றின்மேல் ஒன்றாக எழுதி மற்ற முப்பத்தொன்பதும் அழிந்திருந்தன. அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு ஊசி குத்தினார்கள். அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று பிரிவுத் தலைவர் மன்னிப்புக் கடிதம் ஒன்றை டைப் செய்து நீட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை.

ஒரு கையெழுத்துதானே, கிரீடமா இறங்கிவிடும் என்றான் கணவன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத தப்புக்குத் தலையாட்ட வேறு ஆளைப் பார்க்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை தன் இரத்தத்தையே பரிசோதனைக்குக் கொடுத்தாள். தலைவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த முடிவு போகும் வழியை ஒவ்வொரு படியிலும் நிறுத்திக் காட்டினாள். முதல் படியில் எண் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவது, செய்தியின் வடிவத்தை மாற்றுவதற்காக அந்த வாரத் திங்கட்கிழமை தலைவரே நுழைத்த புதுப் படி. தனக்குத் தெரிந்த தலைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவளாகச் சேர்த்திருந்த எண்ணை அது கழித்துக்கட்டிவிட்டது. பெயர் வைக்கும் இடத்துக்கு எண்ணே வந்துசேராததால் எல்லாவற்றுக்கும் ‘ரிப்போர்ட்’ என்று ஒரே பெயர் விழுந்திருந்தது.

தலைவர் சரிசெய்துவிடலாம் என்றார். பிறகு கடிதத்தை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

“உன் தப்புன்னு மேல சொல்லிட்டேம்மா. சும்மா ஒரு கையெழுத்து. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

“யார் எப்போ சேர்த்தாங்கன்னு அந்தப் படியிலேயே பதிஞ்சிருக்கு சார். கடிதத்துல தப்பு இல்ல. ஆள்தான் மாறிப்போச்சு.”

அடியில் அச்சடித்திருந்த தன் பெயரை அடித்தாள். அதற்குக் கீழே அவர் பெயரை எழுதி, பேனாவை அவரிடமே நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வேலையாக, நோயாளியின் எண்ணைக் கைவிடாமல் கடத்திவிடும்படி அந்த மூன்றாவது படியைத் திருத்தினாள். அவளை எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.