நாற்பத்தொரு நாள் கெடு

ஈரத்தோடு அடைந்து கிடக்கும் உளுந்தங்கொடிக்கு ஒரு மணம் உண்டு. புளித்த கஞ்சியும் வெயிலில் வெந்த சாக்கும் சேர்ந்தாற்போல மூக்கில் ஏறும், கையை உள்ளே விட்டால் சுடும். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை பெய்து, பறித்துப் போட்ட உளுந்தெல்லாம் நனைந்து, காய்வதற்குள் அவசர அவசரமாகப் பயற்றை அடித்து எடுத்துவிட்டு, கொடியை மாட்டுத் தீவனத்துக்கென்று களத்தில் உயரமாக அடுக்கிப் "படப்பு" போட்டுவிட்டார்கள். இடைசெவலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அப்பாவின் பெரியப்பா மகனான பெருமாள்சாமி பெரியப்பாவின் படப்புதான் களத்திலேயே பெரியது. கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறப் போகிற வழியில் ஒருநாள் விளையாட்டாக அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன், சுட்டது, எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் படப்பு எரிந்து சாம்பலானது.

அன்று காலையில்தான் வரப்பை வெட்டிவிட்டதாக அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை நடந்திருந்தது. "உன் படப்பு எத்தன நாளைக்கு நிக்கும்னு பாக்கேன்" என்று அப்பா கத்தியதை நாலு பேர் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் அவர் களத்துப் பக்கம் பீடியோடு போனதை ஆடு பத்திக்கொண்டு வந்தவர் ஒருவர் பார்த்திருந்தார். படப்பின் வயிற்றுக்குள்ளிருந்துதான் புகை வந்தது என்று முதலில் ஓடியவர்கள் சொன்னார்கள். அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. வாய் விட்ட சொல்லும் பீடியும் ஊருக்குப் போதுமாக இருந்தன.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது, "சூடம் அணைக்கிறது". அம்மன் கோயில் வாசலில் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். அதோடு முடிந்ததென்றால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து நாற்பத்தொரு நாள் கெடு. அதற்குள் சத்தியம் பண்ணியவர் வீட்டில் யாராவது நோயில் விழுந்தாலோ, ஆடு மாடு செத்தாலோ, சத்தியம் பொய் என்று அம்மனே நிரூபித்துவிட்டாள் என்று பொருள். அப்பா கை நடுங்காமல் அணைத்தார். எங்களுக்குத்தான் அன்றிலிருந்து நடுக்கம். தும்மல் வந்தால்கூட அம்மா எங்கள் வாயைப் பொத்தினாள்.

அந்த நாட்களில்தான் பள்ளிக்கூடத்தில் பிரபஞ்சத்தின் தோற்றம் பாடம் நடந்தது. பெருவெடிப்பு நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று பரீட்சையில் எழுதியிருந்தேன். டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு எல்லோருக்குமாகச் சொன்னார். இரண்டும் இரண்டும் நாலு என்பதற்கு நிரூபணம் உண்டு, யாரும் இருந்து பார்க்காத தொடக்கத்துக்கு அந்த மாதிரி நிரூபணம் கிடையாது. விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதும், ஆதியில் இருந்த சூட்டின் மிச்சம் இன்றும் வெளியெங்கும் பரவிக் கிடப்பதும் சான்றுகள். அந்தச் சான்றுகளையெல்லாம் சேர்த்துப் பிடித்து, இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று விளக்குவது கோட்பாடு, எதிரான சான்று வந்தால் அது மாறித்தான் ஆகவேண்டும் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. வீட்டில் நாங்கள் நிரூபணத்துக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்க, பிரபஞ்சத்துக்கே அது இல்லை என்கிறாரே இந்த அம்மா என்று இருந்தது. ஆனால் மிச்சமிருக்கும் சூடு என்ற பேச்சு வந்ததும் என் கை சுட்டது நினைவுக்கு வந்துவிட்டது. ஈரக்கொடி தானாகவே சூடேறித் தீப்பிடித்திருக்கலாம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அப்பாவிடம் சொன்னேன். "கெடு முடியட்டும், பெறகு பேசுவோம்" என்றார்.

இருபத்தொன்பதாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு ஆறு வயது. அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம். பாத்திரம் உருட்டினால் அவன் முனகல் வெளியே கேட்காது என்று அம்மா கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள். மூன்றாம் நாள் காலையில் அவன் கண் சொருகி, கைகால் வெட்டி இழுத்தது.

"ஏங்க, பிள்ள கைய விட்டுப் போயிரும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்" என்று அம்மா அழுதாள்.

"இன்னும் பத்து நாளுதான். பஸ் ஸ்டாப்புல ஊர்க்காரவிய எல்லாம் நிப்பாவ. நான் இங்கன மருந்து வாங்கிட்டு வாரேன்" என்றார் அப்பா.

"காய்ச்சல் படப்ப எரிச்சதுக்குச் சான்று இல்லப்பா! அவன் செத்தாலும் அது சான்று இல்ல!" என்று நான் கத்தினேன்.

அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, போர்த்திக்கூட மறைக்காமல், நடுத்தெரு வழியாக நடந்தார். பஸ் ஸ்டாப்பில் பெருமாள்சாமி பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"ஆத்தா காட்டிக்குடுத்துட்டா, பாத்தியளா" என்றார், அப்பாவிடம் அல்ல, மற்றவர்களிடம்.

கொடி சுட்டதை நான் அழுதுகொண்டே அங்கேயே சொன்னேன். "அப்பனக் காப்பாத்த மக பேசுதா" என்று ஒருவர் சிரித்தார். பெரியாஸ்பத்திரியில் தம்பி பிழைத்துக்கொண்டான். அப்பா அன்றோடு பீடியை விட்டார். ஊர் அதையும் குற்றத்துக்குச் சான்றாகச் சேர்த்துக்கொண்டது.

இப்போது நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். களம் இருந்த இடத்தில் செல்போன் டவர் நிற்கிறது, சூடம் அணைக்க யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, ஸ்டேஷனில் மனு கொடுத்துவிடுகிறார்கள். அந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பெருவெடிப்புப் பாடத்தை செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

"ஒலகம் எப்படி உண்டாச்சுன்னு இத்தன பேருக்குச் சொல்லுதியே, அன்னைக்குப் படப்பு எப்படி எரிஞ்சதுன்னு நீ என்னட்டி நெனைக்க?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை. நான் உற்சாகமாகவே சொன்னேன்: பருவம் தப்பிய மழை, ஈரக்கொடி, என் கை சுட்டது, உள்ளேயிருந்து வந்த புகை. ஒன்று விடாமல் அடுக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டு முடித்தார்.

"சரிதான். அந்தக் கொடி உன் கையச் சுடாம இருந்திருந்தா?" என்றார். "அப்பம் என்னயப் பத்தி என்ன நெனச்சிருப்ப?"

"நீங்க செஞ்சிருக்க மாட்டீங்கன்னுதான்பா" என்றேன். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசித்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.